பார்க்கின்சன்ஸ் இருக்கவங்ககிட்ட "டென்ஷன் ஆகாதீங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

எங்க அத்தைக்கு பார்க்கின்சன்ஸ். பாக்க வர்றவங்க எல்லாரும் ஒரே விஷயத்த தான் சொல்றாங்க, டென்ஷன் ஆகாதீங்க, அதான் கை நடுங்குது, மனச ரிலாக்ஸா வெச்சுக்கோங்கன்னு. நல்ல மனசோட தான் சொல்றாங்க, ஆனா அவங்க போனப்புறம் அத்தை என்கிட்ட கேட்டாங்க, "நான் என்ன வேணும்னேவா டென்ஷன் ஆகுறேன்?" அந்த கேள்வி என்ன விடவே இல்ல. ஸ்ட்ரெஸ், கார்ட்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன், பார்க்கின்சன்ஸ் மூணுக்கும் நடுவுல நிஜமாவே என்ன தொடர்புன்னு அப்போ இருந்து தேடித்தேடி படிச்சிட்டு இருக்கேன். நான் டாக்டர் இல்ல, பக்கத்துல இருந்து பாத்துக்குற ஆள், அவ்வளவுதான். ஆனா படிச்சதுல புரிஞ்சத சொல்லியே ஆகணும்னு தோணுது.

முதல்ல கார்ட்டிசால். இது கெட்ட ஹார்மோன் கிடையாது, இது இல்லன்னா உயிரோடவே இருக்க முடியாது. மூளைல ஹைபோதலாமஸ்னு ஒரு சின்ன பகுதி சிக்னல் குடுக்கும், அத பிட்யூட்டரி சுரப்பி வாங்கி கிட்னிக்கு மேல உக்காந்திருக்க அட்ரீனல் சுரப்பிக்கு தள்ளிவிடும், அங்க இருந்து கார்ட்டிசால் ரத்தத்துல கலக்கும். இதுக்குன்னு ஒரு நாள் கணக்கு இருக்கு. விடியக்காலைல ஏற ஆரம்பிச்சு, கண்ணு முழிச்சு அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்துல உச்சத்துக்கு போயி, அப்புறம் பகல் முழுக்க மெதுவா எறங்கி, நடுராத்திரி வாக்குல ரொம்ப கம்மியாயிடும். அந்த நேரத்துல அது கம்மியா இருக்கறது நல்ல தூக்கத்துக்கு வேணும்.

பார்க்கின்சன்ஸ் இருக்கவங்கள டெஸ்ட் பண்ணி பாத்த பல ஆராய்ச்சிகள்ல சராசரியா கார்ட்டிசால் அளவு, அதே வயசுல நோய் இல்லாதவங்கள விட கூடுதலா இருந்திருக்கு. எனக்கு அத விட முக்கியமா பட்டது, அந்த ஏத்த எறக்கம் தட்டையாயிடுது, அதாவது ராத்திரி எறங்க வேண்டிய அளவுக்கு எறங்க மாட்டேங்குது. எல்லாருக்கும் இப்படி இல்ல, எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரி சொல்லவும் இல்ல, நிறைய ஆராய்ச்சி சின்ன எண்ணிக்கைல ஆளுங்கள வெச்சு பண்ணது. இன்னொரு சிக்கலும் இருக்கு: தூக்கம் கெட்டாலே கார்ட்டிசால் மாறும், டிப்ரஷன் இருந்தாலே மாறும், பார்க்கின்சன்ஸ்ல இந்த ரெண்டும் ரொம்ப சகஜம், அதனால இந்த ஏத்தத்துல நோயோட பங்கு எவ்வளவு, தூக்கமின்மையோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்கறது கஷ்டம். ஆனா ஒண்ணு நிச்சயம், பார்க்கின்சன்ஸ்ல செல்லுக்குள்ள சேர்ற அந்த லூயி பாடிங்கற புரதக் கட்டிகள் டோபமைன் செல்கள்ல (உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமைன்ங்கற ரசாயனத்த உண்டாக்குற மூளை செல்கள், இந்த நோய்ல அழியறது அதுங்கதான்) மட்டும் இல்ல, ஹைபோதலாமஸ்லயும் காணப்படுது. ஸ்ட்ரெஸ் சிக்னல ஆரம்பிச்சு வைக்கிற இடத்தையே நோய் தொடுது. அப்படி இருக்கறப்போ அந்த மனுஷனோட குணத்துல குறை சொல்றது எந்த விதத்துல நியாயம்?

இப்போ கை நடுக்கத்துக்கு வர்றேன், இதுதான் வெளில இருக்கவங்களுக்கு கண்ணுக்கு தெரியறது. கூட்டத்துல நிக்கும்போது, பின்னாடி ஆள் காத்துட்டு இருக்கும்போது, கையெழுத்து போடுங்கன்னு யாராவது சொல்லும்போது நடுக்கம் சட்டுனு கூடும். நானும் ரொம்ப நாள் இது கார்ட்டிசால் வேலைன்னு தான் நெனச்சிட்டு இருந்தேன், ஆனா கார்ட்டிசால் அவ்வளவு வேகமா வேல செய்யாது, ஒரு ஸ்ட்ரெஸ் வந்தா அது உச்சத்துக்கு போகவே இருபது முப்பது நிமிஷம் ஆகும். அந்த நொடில நடக்கறது நார்அட்ரீனலின்ங்கற, உடம்ப சட்டுனு உஷாராக்குற இன்னொரு ரசாயனத்தோட வேல. மூளைத்தண்டுல லோக்கஸ் செரூலியஸ்னு ஒரு குட்டி இடம் இருக்கு, மூளைக்கு நார்அட்ரீனலின் முக்கியமா அங்க இருந்துதான் போகுது, அது நடுக்கத்த உண்டாக்குற மூளை நரம்புப் பாதைய தூண்டிவிடுதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. நியூராலஜிஸ்ட் சில பேர் செக்கப் பண்ணும்போது நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சிட்டே வாங்கன்னு சொல்வாங்க இல்லையா, அது ஞாபக சக்திய மட்டும் பாக்கறதுக்கு இல்ல. சும்மா இருக்கறப்போ மறைஞ்சிருக்க நடுக்கம் மனசு ஒரு கணக்குல முட்டிக்கிட்டு நிக்கும்போது வெளில வந்துடும், அத பாக்கறதுக்கும் தான். இப்படி மனக்கணக்கு போட வெச்சு பாத்த ஒரு ஆராய்ச்சில, லெவோடோபா மாத்திரை (மூளைல டோபமைனா மாறுற, பார்க்கின்சன்ஸுக்கான முக்கிய மருந்து) நடுக்கத்த குறைக்கிற அளவே அந்த நேரத்துல கம்மியாயிடுச்சுன்னு வந்திருக்கு. அதனாலதான் வீட்ல நல்லா இருந்தவங்களுக்கு வெளில போனா "மாத்திரை கேக்க மாட்டேங்குது"ன்னு தோணுது. அது கற்பனை இல்ல, பொய்யும் இல்ல.

நடுக்கம் மட்டும் இல்ல, நடந்துட்டே இருக்கும்போது கால் தரையோட ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னு போறதும் அவசரப்படுத்தினா கூடும். சீக்கிரம் வாங்கன்னு சொல்றதுதான் அந்த நேரத்துல சொல்லக்கூடாத வார்த்தை.

அடுத்து எனக்கு ரொம்ப வேதனையான ஒரு விஷயம். நிறைய பேர் தங்களையே பழி சொல்லிக்கறாங்க. வேலைல அவ்வளவு கவலப்பட்டேன், குடும்பத்துக்காக மனசுக்குள்ளயே வெச்சு புழுங்கினேன், அதனாலதான் எனக்கு இந்த நோய் வந்துச்சுன்னு. அத்தையும் சொல்வாங்க. எலிங்கள தொடர்ந்து ஸ்ட்ரெஸ்ல வெச்சா டோபமைன் செல்கள் இன்னும் வேகமா அழியுதுன்னு ஆராய்ச்சி இருக்கு, அது நிஜம், ஆனா மனுஷங்கள்ல ஸ்ட்ரெஸ் தான் பார்க்கின்சன்ஸ கொண்டு வந்துச்சுன்னு நிரூபணம் ஆகல. இதுல யோசிக்க வேண்டிய இன்னொரு பக்கம் இருக்கு. இந்த நோய் கை நடுங்கற அன்னிக்கு ஆரம்பிக்கறது இல்ல. 2003ல ஜெர்மனிய சேர்ந்த பிராக்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும், பார்க்கின்சன்ஸ் மாற்றங்கள் மூளைத்தண்டோட கீழ் பகுதில ஆரம்பிச்சு, லோக்கஸ் செரூலியஸ தாண்டி, அப்புறம்தான் டோபமைன் செல்கள் இருக்க சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்கு போகுதுன்னு ஒரு படிநிலைய சொன்னாங்க. எல்லாருக்கும் இதே வரிசைல தான் போகுதுன்னு இல்ல, ஆனா நடுக்கம் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே மோப்ப சக்தி குறையறது, மலச்சிக்கல், தூக்கத்துல கை கால உதைக்கறது, கூடவே காரணமே இல்லாத பதட்டம், மனச்சோர்வு எல்லாம் வரலாம்ங்கறது இப்போ நல்லா தெரிஞ்ச விஷயம். அப்போ "அந்த வருஷமெல்லாம் ரொம்ப டென்ஷனா இருந்தேன், அப்புறம் நோய் வந்துச்சு"ன்னு சொல்றவங்களுக்கு, அந்த டென்ஷனே நோயோட முதல் அடியா இருந்திருக்கலாம் இல்லையா. இத அத்தைகிட்ட சொன்னப்போ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இத யாரும் எனக்கு சொல்லலையே"ன்னாங்க.

அப்போ கார்ட்டிசால் டெஸ்ட் எடுத்து பாக்கலாமான்னு கேட்டா, என் கருத்து, டாக்டர் சொல்லாம எடுக்காதீங்க. எச்சில்ல பாக்கலாம், ரத்தத்துல பாக்கலாம், 24 மணி நேர யூரின்ல பாக்கலாம், முடில கூட பாக்கலாம், முடி மாசத்துக்கு சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்றதால கடந்த சில மாசத்தோட சராசரி அதுல பதிஞ்சிருக்கும். ஆனா காலைல எடுத்த அளவும் சாயங்காலம் எடுத்த அளவும் ஒண்ணா இருக்காது, லெவோடோபா போட்டப்புறம் கொஞ்ச நேரத்துக்கு கார்ட்டிசால் எறங்குதுன்னும் பாத்திருக்காங்க, அதனால மாத்திரைக்கு முன்னாடியா பின்னாடியாங்கறதும் ரிசல்ட்ட மாத்தும். ஒரு ஒத்த நம்பர வெச்சு பார்க்கின்சன்ஸ் எப்படி இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த டெஸ்ட் குஷிங்ஸ் (கார்ட்டிசால் ரொம்ப அதிகமாகறது), அடிசன்ஸ் (ரொம்ப கம்மியாகறது) மாதிரி வேற வியாதிகள சந்தேகப்படும்போது பாக்கறது. கார்ட்டிசால குறைக்கும்னு விக்கிற பவுடர், கேப்ஸ்யூல் எதையும் டாக்டர கேக்காம குடுத்துடாதீங்க, ஏற்கனவே போடுற மாத்திரைங்களோட அது எப்படி சேரும்னு பாக்காம குடுக்கறது ஆபத்து.

என்ன பண்ணலாம்னா, மொதல்ல மாத்திரை நேரம். மாத்திரையோட வேகம் எறங்கற நேரத்துல, ஆஃப் டைம்னு சொல்றாங்களே, அப்போ உடம்பு மட்டும் இறுகறது இல்ல, சில பேருக்கு பயமும் பதட்டமும் அலை மாதிரி வரும், அடுத்த மாத்திரை வேல செய்ய ஆரம்பிச்சதும் போயிடும். இது மாத்திரை அட்டவணைய மாத்தினா சரியாகக்கூடிய ஒண்ணு, அத குணக்கோளாறுன்னு நெனச்சு விட்டா எத்தன வருஷம் வீணா கஷ்டப்படணும். பார்க்கின்சன்ஸ் இருக்கவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு கவலை நோய் இருக்கு, அதுக்கு தனியா சிகிச்சை இருக்கு, கேக்கறதுல வெக்கமே வேண்டாம். உடற்பயிற்சி கண்டிப்பா. ஹாங்காங்ல 138 பேர வெச்சு பண்ணி 2019ல வெளியான ஒரு ஆராய்ச்சில, எட்டு வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் யோகா (அந்த நொடில மனச வெச்சு கவனிச்சு செய்யற யோகா) செஞ்சவங்களுக்கு கவலையும் மனச்சோர்வும், வெறும் ஸ்ட்ரெச்சிங், தசைப்பயிற்சி செஞ்சவங்கள விட நல்லா குறைஞ்சிருந்துச்சு, உடம்பு அசைவுல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இது நோய குணப்படுத்தாது, ஆனா நோயோட இருக்கற நாள லேசாக்கும், அதுவே பெரிய விஷயம்.

கூட இருக்கறவங்க செய்யறதுக்கு ஒண்ணு: அடுத்த தடவ டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் எழுதி வைங்க, மாத்திரை எத்தன மணிக்கு, பதட்டம் எப்போ வந்துச்சு, நடுக்கம் எப்போ கூடுச்சு, ராத்திரி எத்தன தடவ முழிச்சாங்க. நாங்க அப்படி எழுதிட்டு போனப்போ தான், அத்தைக்கு தினமும் மதியம் வர்ற பயம் மாத்திரை எறங்கற நேரத்தோட ஒத்துப்போகுதுன்னு டாக்டர் கண்டுபிடிச்சு நேரத்த மாத்தி குடுத்தார், இப்போ மதியத்துல அத்தை கொஞ்சம் தூங்குறாங்க.