காத்திருந்த நேரத்தையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுதிக் கொடுக்கும் ஸ்க்ரைப் குழுவை எங்கள் கல்லூரியில் தொடங்கி ஒரு செமஸ்டர் ஆகிறது. சென்னையில் இதே வேலையைத் தொடங்க இருப்பவர்களுக்காக எழுதுகிறோம். இதில் பெரும்பகுதி, மாற்று ஸ்க்ரைப்பாக நின்ற இரண்டாம் ஆண்டுத் தோழி ஒருவரிடம் கற்றுக்கொண்டது.

அட்டவணை வந்த அன்றே தேர்வரிடம் பாடம், தேதி, மையம், எந்த மொழியில் எழுதுவார் என்பதைக் கேட்டுவிடுங்கள். மொழியைக் கேட்காமல் ஆள் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே ஆங்கில வழியில் படித்த பலருக்குத் தமிழ் சரளமாகப் பேச வரும், மூன்று மணி நேரம் வேகமாக எழுத வராது. எழுத வருபவருக்குப் பத்து நிமிடம் பாடப்புத்தகத்தை வாசித்து, அதை எழுத வையுங்கள். ல, ள, ழ எங்கே தடுமாறுகிறது, செய்யுளை அடி பிரித்து எழுதுகிறாரா என்று அதிலேயே தெரிந்துவிடும். தேர்வரின் பாடத்தையே படிப்பவரை அனுப்ப வேண்டாம். எழுத வருபவர் வினாத்தாள் முழுவதையும் மதிப்பெண்ணோடு ஒரு முறை வாசிக்க வேண்டும். பிறகு சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். பிழை தெரிந்தாலும் திருத்தக் கூடாது.

ஸ்க்ரைப்பின் அடையாள அட்டை, ஆதார் நகல், இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படம், முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கிடைத்தால், 10 மணிக்குத் தொடங்கும் மூன்று மணி நேரத் தாள் 2 மணிக்குத்தான் முடியும். மதியம் லேப் உள்ளவரை அன்றைக்குப் போடாதீர்கள்.

அடிக்கடி நடப்பது, முந்தின நாள் இரவு வரும் "நாளைக்கு வர முடியல" என்ற செய்தி. அப்போது வேறு ஆள் கிடைத்தாலும், முன்அனுமதி இல்லாத பெயரை மையத்தில் ஏற்காமல் போகலாம். அதனால் ஒவ்வொரு தாளுக்கும் முதன்மை, மாற்று என இரண்டு பெயருக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

எங்கள் தோழி முந்தின நாள் மாலை 6 மணிக்கு முதன்மை ஸ்க்ரைப்பைப் போனில் அழைப்பார். வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டார். மறுநாள் 9 மணிக்குத் தன் உறையோடு வாசலில் நிற்பார். தேர்வர் பறக்கும் ரயிலில் வருகிறார் என்றால், எந்த நிலையம், எந்தப் பக்கத்துப் படிக்கட்டு என்று முன்பே பேசிவைத்து அங்கே போய் நிற்பார். கையைப் பிடித்து இழுக்க மாட்டார், தன் முழங்கைக்கு மேலே அவரைப் பிடிக்கச் சொல்லி அரை அடி முன்னால் நடப்பார். முதன்மை ஸ்க்ரைப் உட்கார்ந்து எழுதத் தொடங்கியதை உறுதிசெய்துவிட்டு 10.15க்குக் கிளம்புவார்.

செமஸ்டர் முடிவில் சான்றிதழ் போட உட்கார்ந்தபோதுதான் எங்கள் தவறு தெரிந்தது. பதிவேட்டில் எழுதிய மணி நேரம் மட்டுமே இருந்தது. குழுவில் எல்லோரையும் விட அதிக நாள் வாசலில் நின்றவருக்குக் கணக்கில் மிகக் குறைந்த நேரம்! அது எங்களுக்கு உண்மையிலேயே வலித்தது.

இப்போது பதிவேட்டில் "காத்திருப்பு" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டும் அன்றன்றே ஏறுகின்றன. அவருடைய பழைய நாட்களைத் தேர்வர்களிடமே கேட்டு நிரப்பினோம். சான்றிதழில் "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற வழக்கமான வரியை எடுத்துவிட்டு, தேதி, தாள், மையம், நின்ற நேரம் ஆகியவற்றை எழுதினோம். அதைத் தேர்வர்கள் முன்னால் சத்தமாக வாசித்துக் கொடுத்தோம். நம்பகமானவர் என்பதற்காக எல்லாத் தாளுக்கும் அவரையே மாற்றாகப் போடுவதையும் நிறுத்திவிட்டோம். அடுத்த செமஸ்டரில் வாரத்துக்கு இரண்டு தாளுக்கு மேல் அவர் பெயர் வராது.