தலைக்கணக்கு

செப்டம்பர் 4

கல்யாணத்துக்கு அழைப்பவர்கள் பட்டியல் இன்று 612. மண்டபம் தாங்குவது 450.

செப்டம்பர் 6

612 பெயரா, 612 ஆளா, 612 அழைப்பிதழா? மூன்றும் ஒன்றில்லை. வீட்டுக்கு ஒரு அழைப்பிதழ் போகும், அந்த வீட்டிலிருந்து நாலு தலை வரும். அதனால் அட்டவணையில் வீட்டுக்கு ஒரு வரிசை. கூப்பிடும் பெயர், முகவரி, பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, யார் நேரில் அழைப்பது, அழைத்த தேதி, பதில். ஆளுக்கு ஒரு வரிசை போட்டால் யாருக்கு அட்டை போனது என்பது கடைசிவரை தெரியாது.

நாற்காலிக் கணக்கும் தட்டுக் கணக்கும் தனித்தனி. கைக்குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம். போட்டோக்காரர், சவுண்ட்காரர், அலங்கார ஆட்கள், டிரைவர்கள் எல்லோருக்கும் தட்டு வேண்டும், நாற்காலி வேண்டாம். சமையல்காரரிடம் எண்ணிக்கை சொல்லும்போது மறந்துபோவது இவர்களைத்தான். 25, 30 பேர் சாதாரணமாக வந்துவிடும். பசியோடு நிற்கும் போட்டோக்காரரிடம் நல்ல படம் எதிர்பார்க்க முடியாது.

இரண்டு வீட்டுக்கும் பொதுவானவர்கள் இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்கள். போன் நம்பரை வைத்து அடுக்கினால் இரட்டைப் பதிவு வெளியே வரும். பெயரை வைத்துத் தேடினால் வராது, ஆளுக்கு மூணு பெயர்.

செப்டம்பர் 9

ஒவ்வொரு வேலைக்கும் இதற்கு மேல் மாற்ற முடியாது என்று ஒரு நாள் இருக்கிறது. கல்யாணத் தேதியைவிட இந்த நாட்கள்தான் முக்கியம். அச்சுக்கூடத்துக்கு ஃபைல் போகும் நாள், மோதிர அளவு கொடுக்கும் நாள், துணி கடைசி அளவு பார்க்கும் நாள், சமையலுக்கு எண்ணிக்கை சொல்லும் நாள், பூ ஆர்டர் நாள். எல்லா ஒப்பந்தத்தையும் எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் காலண்டரில் சிவப்பில் குறித்தாகிவிட்டது. இரண்டு ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. எழுதி வாங்க வேண்டும்: எந்தத் தேதிவரை குறைக்கலாம், எந்தத் தேதிவரை கூட்டலாம், ரத்து செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும். கூட்டுவதற்கு எல்லோரும் சரி என்பார்கள், குறைக்கச் சொன்னால்தான் குரல் மாறும்.

செப்டம்பர் 15

அழைப்பிதழ். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பு வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை நார் தெரியும். மடிக்கும் முன் கோடு அழுத்த வேண்டும், அதுவும் காகித நார் ஓடும் திசையிலேயே. நாருக்குக் குறுக்கே மடித்தால் கோடு அழுத்தியும் பிரயோஜனமில்லை. டிஜிட்டல் பிரிண்டில் மடிப்பு மேல் கருநிறம் வந்தால் டோனர் என்னும் மைப்பொடி உதிரும், எனவே மடிப்பில் அடர்த்தியான நிறமே வேண்டாம். நாலு ஓரமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் நிறம் விட வேண்டும். இல்லையென்றால் வெட்டும்போது மயிரிழை வெள்ளைக் கோடு வரும்.

கணினித் திரையில் பளபளக்கும் அந்த நீலம் தாளில் மங்கித்தான் விழும். திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு நாலு மையால் காட்டுகிறது. திரையைப் பார்த்து ஓகே சொல்லாமல், அதே அட்டையில் ஒரு பிரதி அடித்து வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தங்கக் கோட்டுக்குத் தனியாக உலோக அச்சு செய்வார்கள். அதற்கப்புறம் ஒரு எழுத்து மாறினாலும் புது அச்சு, புதுக் காசு. எனவே தேதி, நேரம், பெயர் எதையும் தங்கத்தில் போடக்கூடாது. பூ வேலை மட்டும் தங்கத்தில் இருக்கட்டும்.

உறை அட்டையைவிட நாலு பக்கமும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். தபாலில் அனுப்புவதை, எல்லாம் உள்ளே வைத்து ஒட்டி எடை போட்ட பிறகுதான் தபால்தலை வாங்குவது.

செப்டம்பர் 16

அழைப்பிதழில் பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்க்க மூன்று பேர் போதும். அதில் ஒருவர் கடைசி வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும்.

செப்டம்பர் 24

மோதிரம். காலையில் குளிரில் விரல் சுருங்கியிருக்கும், வெயிலில் நடந்து வந்தால் வீங்கியிருக்கும். சாயங்காலம், சாதாரண வெப்பத்தில் அளவு எடுப்பது நல்லது. முட்டியைத் தாண்டும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும், தாண்டிய பிறகு இறுக்கக்கூடாது. அகலப் பட்டை மோதிரம் அதே அளவில் இறுக்கமாகத் தெரியும், அரை அளவு கூட்டித்தான் செய்ய வேண்டும். அளவு சரிபார்த்த பிறகே உள்ளே எழுத்து பொறிக்கணும். பொறித்த பிறகு வெட்டி ஒட்டினால் எழுத்து நடுவில் அறுபடும். சுற்றிலும் கல் பதித்ததைப் பின்னால் பெரிதாக்கவும் முடியாது, சிறிதாக்கவும் முடியாது. டங்ஸ்டன் மோதிரமும் அப்படியே.

அக்டோபர் 2

பட்டியல் 541. "ஒருத்தரையும் விட்றக்கூடாது" என்கிறார் பெரியப்பா. மண்டபத்தின் சுவர் நகராது என்பதை யாராவது அவருக்குச் சொல்லட்டும்.

அக்டோபர் 5

மின்சாரம். இதை அலங்காரக்காரரிடம் கேட்டால் சவுண்ட்காரரைக் காட்டுகிறார், அவர் மண்டபத்தைக் காட்டுகிறார், மண்டபம் ஜெனரேட்டர் வருகிறதே என்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: உங்கள் சாமான் எத்தனை கிலோவாட்? எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்ட வேண்டும்.

ஜெனரேட்டர் கேவிஏ கணக்கில் வரும். 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட். 62.5 கேவிஏ என்றால் 50 கிலோவாட். அதை முழுக்கக் கணக்கில் எடுக்கக்கூடாது. ஏசியும் மோட்டாரும் நேரடியாகக் கிளம்பும்போது ஓடுவதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை ஒரு கணம் இழுக்கும். அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிந்து, மேடையில் விளக்கு மங்கும், சவுண்ட் மிக்ஸர் அணைந்து எழும். ஓடும் லோடு 30, 35 கிலோவாட்டைத் தாண்டாமல் இருந்தால் 62.5 போதும். ஏசியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட ஓர் ஆள் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே விரலில் தட்டும் ஆள் வேண்டாம்.

டீசல் ஒரு யூனிட்டுக்குக் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 30 கிலோவாட்டில் 6 மணி நேரம் ஓடினால் 180 யூனிட், ஏறக்குறைய 50 லிட்டர். டேங்கில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் அளவுகோலை விட்டுப் பார்ப்பது.

மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் நியூட்ரல், மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பி. அது எங்காவது தளர்ந்தால், லோடு குறைவான ஃபேஸில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கும். ஃபியூஸ் போகாது, எதுவும் ட்ரிப் ஆகாது, சாமான்கள்தான் வரிசையாகப் புகையும்.

அக்டோபர் 6

ராத்திரி முழுக்க நியூட்ரல்.

அக்டோபர் 13

பந்தல். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர், 1 கிலோ. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்து தண்ணீர் வழியாமல் நின்றால் ஒரு டன். கூரை சரிவாக, துணி இறுக்கமாக இருந்தால் ஓடிவிடும். ஓரிடத்தில் தொய்வு விழுந்தால் அங்கே தண்ணீர் சேர்ந்து, எடையால் இன்னும் தொய்ந்து, இன்னும் சேரும். மழை நேரத்தில் கம்பால் கீழிருந்து தட்டிவிட இரண்டு ஆள் வைப்பது நடைமுறைதான். ஆனால் நாற்காலிகள் அந்தத் தொய்வுக்கு நேர் கீழே இருக்கக்கூடாது.

இரண்டு பந்தல் சேரும் இடத்தில் நடுவில் வாய்க்கால் இல்லையென்றால் அந்தக் கோடு நெடுக ஒழுகும். அந்தக் கோட்டின் அடியில் மிக்ஸரும், விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் வைப்பதில் அலங்காரக்காரர்களுக்கு என்னவோ ஒரு பிரியம்.

தரையில் போகும் கேபிள் இணைப்பு எல்லாம் செங்கல் மேல் தூக்கி வைக்கணும். கம்பளத்துக்கு அடியில் இணைப்பே வரக்கூடாது.

அக்டோபர் 20

மேசைகள். 5 அடி வட்ட மேசையில் 8 பேர், 6 அடி வட்டத்தில் 10 பேர். 5 அடியில் 10 பேரை உட்கார வைக்கலாம் என்பவர் அதில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. விளிம்புக்கும் விளிம்புக்கும் நடுவே 5 அடி விட்டால்தான் இரண்டு பக்கமும் நாற்காலி இழுத்தபின் பரிமாறுபவர் நடக்க முடியும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு ஓரத்து மேசை, ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு. ஸ்பீக்கருக்கு எதிர் மேசையில் பெரியவர்களை வைக்கக்கூடாது. முதல் வரிசை மரியாதைதான், ஆனால் காது?

வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் சாப்பாடு என்றால்: ஒரு வரிசையில் நிமிடத்துக்கு 4 பேர் நகர்ந்தால் 400 பேருக்கு ஒற்றை வரிசையில் 100 நிமிடம். மேசையைச் சுவரிலிருந்து இழுத்து இரண்டு பக்கமும் நடக்கவிட்டால் 50. இரண்டு மேசை போட்டால் 25. சாப்பாடு கூடவில்லை, மேசையை நகர்த்தியதுதான். தட்டு ஒரு முனையில், கரண்டியும் துடைக்கும் தாளும் கடைசி முனையில். முதலிலேயே கொடுத்தால் எல்லோருக்கும் மூணு கை வேண்டும்.

அக்டோபர் 27

துணி கடைசி அளவுக்குப் போகும்போது அன்று போடப்போகும் செருப்பும் உள்ளாடையும் கையில் இருக்கணும். குதிகால் 2 அங்குலம் மாறினால் விளிம்பும் 2 அங்குலம் மாறும். உட்கார்ந்து, கை தூக்கி, குனிந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டே அளவு எடுத்த துணி உட்காரும்போது பேசும்.

புதுச் செருப்பை வீட்டுக்குள் தடித்த சாக்ஸோடு தினமும் அரை மணி.

நவம்பர் 1

குழுப் படப் பட்டியல். ஒரு குழுவைக் கூட்டி நிறுத்தி எடுக்க 2, 3 நிமிடம். 20 குழு என்றால் ஒரு மணி நேரம் காலி. பெரிய குழுவிலிருந்து ஆட்களைக் கழித்துக்கொண்டே போனால் வேகம். பெயர் சொல்லி அழைக்க இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர், குரல் பெரிதானவர்கள். அத்தைதான் சரி.

மேடையில் ஊதா, நீல எல்இடி முகத்தில் விழுந்தால் தோல் நிறத்தை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிறம் பின்சுவரில் இருக்கட்டும், முகத்துக்கு வெறும் வெள்ளை. மலிவான எல்இடி கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், வீடியோவில் கறுப்புப் பட்டையாக ஓடும். முந்தின நாளே கேமராவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேமரா ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதுகிறதா என்று கேட்டாகிவிட்டது. எழுதுகிறது.

நவம்பர் 3

மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரல் போல்ட்டை இறுக்கச் சொன்னால் சிரிக்கிறார். சிரித்துவிட்டு இறுக்கினால் சரி.

நவம்பர் 8

பூ. முந்தின நாள் வருவதை வாளியில் போடும் முன் தண்டை 2, 3 சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவ வேண்டும். அழுகும் இலை தண்ணீரில் பாக்டீரியாவைப் பெருக்கி, தண்டின் குழாய்களை அடைக்கும். பழுக்கும் பழங்கள் உள்ள அறையில் பூ வைக்கக்கூடாது, அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு கார்னேஷனை ஒரே இரவில் சுருட்டிவிடும். ரோஜா குளிரைத் தாங்கும். ஆர்க்கிட், ஆந்தூரியம் தாங்காது, ஃபிரிட்ஜில் வைத்தால் கறுக்கும்.

பூ சொருகும் பச்சை நுரைக்கட்டியைத் தண்ணீரின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அதுவாக மூழ்கணும். அவசரப்பட்டுக் கையால் அமுக்கினால் வெளியே ஈரம், நடுவில் காற்று. அதில் சொருகிய பூ மதியத்துக்குள் தலை தொங்கும். ஒருமுறை உலர்ந்த கட்டி மறுபடி ஒழுங்காக உறிஞ்சாது.

லில்லி வருகிறதென்றால் மொட்டு விரியும்போதே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடணும். துணியில் அந்தப் பொடி பட்டால் தேய்க்காதே, தண்ணீர் தொடாதே. ஒட்டும் டேப்பால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

நவம்பர் 12

முகத்துக்குப் புதிதாக எதுவும் இனிமேல் இல்லை. முடிச்சாயம் என்றால் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது.

நவம்பர் 15

பதில் வராதவர்கள் 74 வீடு. "வர்றீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "கண்டிப்பா" என்கிறார்கள். "எத்தனை பேர், எத்தனை மணிக்கு?" என்றால்தான் உண்மை வருகிறது. மணி சொல்லத் தயங்குகிறவரைப் பாதி என்று எழுதிக்கொள்வது.

நவம்பர் 19

சமையலுக்கு 455 என்று எழுத்தில் கொடுத்தாயிற்று. அதில் 28 வேலைக்கு வருகிறவர்கள். சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். நடுவில் இருப்பதை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்பதும் அதே தாளில். எதிலெதில் நிலக்கடலை இருக்கிறது என்று தனிச் சீட்டு.

நவம்பர் 20

"இன்னும் ஒன்பது பேர்தானே" என்று பெரியப்பா. தானே!

நவம்பர் 24

அன்றைய நேரத்தாள். யார், எங்கே, எத்தனை மணிக்கு, யார் போன் நம்பர். ஒரே பக்கம், பெரிய எழுத்து. எங்கள் இரண்டு பேர் நம்பரும் அதில் இல்லை. எல்லாக் கேள்வியும் சித்தி பையனுக்குப் போகும். மீதிப் பணம் ஒவ்வொருவருக்கும் தனி உறையில், மேலே பெயர், தொகை, கையெழுத்து வாங்க ஒரு தாள்.

பெட்டி: ஊக்கு, நூல் கோத்த ஊசி, கத்திரி, இரட்டைப் பக்க டேப், சாக்பீஸ் (எண்ணெய்க் கறைக்கு), பிளாஸ்திரி, மாத்திரை, மைக்குக்குப் புது பேட்டரி. பழைய பேட்டரி பாதி இருக்கிறது என்று யார் சொன்னாலும் புதுசு.

நவம்பர் 28

பந்தல் பக்கத்திரைகளை இப்போதே மாட்டச் சொல்லியாயிற்று. ஜெனரேட்டர் புகைக்குழாய் சமையலறை ஜன்னல் பக்கம் இருந்தது, திருப்பி நிறுத்தினார்கள். முழு லோடில் ஓட்டி அளந்ததில் ஃபேஸ் ஒன்று 229, இரண்டு 241, மூன்று 218. நுழைவாயில் விளக்கு முழுவதையும் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றச் சொன்னோம். போல்ட்டையும் திறந்து பார்க்கச் சொன்னோம். ஆறு மணிக்கு மறுபடி அளக்க வேண்டும்