நெட் புவியியல்: மண்டலக் கேள்வியில் நான் வாங்கிய அடி

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் முடிவு முந்தாநாள் வந்தது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது, ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். இல்லை. போன முறை இதே தகுதியை 2 மதிப்பெண்ணில், அதாவது ஒரே ஒரு கேள்வியில் கோட்டைவிட்டவன் என்பதால் இப்போதைக்கு இது போதும். அந்தக் கேள்வி எதுவென்றும் எனக்குத் தெரியும்.

நாளிதழ் ஒன்று விற்பனையாகும் பரப்பு எவ்வகை மண்டலம்? நான் 'ஃபார்மல்' என்று குறித்தேன். தமிழ்வழியில் படித்தவன், வினாத்தாளிலோ தமிழ் இல்லை. ஃபார்மல் என்றால் முறைப்படியானது, முறைப்படி என்றால் யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து போட்ட எல்லை என்று மனத்தில் ஊறிக் கிடந்தது. விடை, செயல்பாட்டு மண்டலம், அதாவது ஒரு மையத்தோடு கட்டுண்ட பரப்பு. அச்சகத்திலிருந்து கட்டுகள் போய்ச் சேரும் தூரம்தான் அந்தப் பரப்பு.

அன்றிரவே நோட்டில் இருந்த வரையறைகளை எல்லாம் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: மையத்தை எடுத்துவிட்டால் மண்டலம் நிற்குமா?

என் ஊர் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கம். அப்பா முருங்கைக்காய்க் கட்டுகளோடு சந்தைக்குப் போவார். கேரளப் பதிவெண் லாரிகள் காத்து நிற்கும். சந்தை மூடினால் சுற்றுவட்டத்தில் பறித்த காய் திண்ணையிலேயே வாடும். அது செயல்பாட்டு மண்டலம். காவிரி டெல்டா அப்படியில்லை. தஞ்சாவூர் நகரத்தையே பெயர்த்துக் கொண்டுபோனாலும் வண்டலும் வாய்க்காலும் நெல்லும் அங்கேயே இருக்கும். எங்கும் ஒரே தன்மை பரவியிருக்கும் அது ஒருசீர் மண்டலம், அதாவது அந்த ஃபார்மல். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததால் அது ஒருசீர் ஆகவில்லை. ஏற்கெனவே ஒருசீராக இருந்ததற்குத்தான் சட்டம் வந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தேர்வு செலவானது.

மூன்றாவது, உணர்வு மண்டலம்: மக்கள் மனத்தில் மட்டும் எல்லை உள்ளது. பாட்டியைக் கேட்டால் "நாம் கொங்கு" என்பார். கிழக்கே, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்ட அத்தை தன்னை மதுரைப் பக்கத்துக்காரி என்பார். இரண்டும் ஒரே மாவட்டம். எல்லை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், இருவருக்கும் கோபம் வரும்.

பாடத்திட்டத்தின் பண்பாட்டுப் புவியியல் பகுதியில் பலர் வழுக்குவது டெல்டாவை வெறும் இயற்கை மண்டலம் என்று நினைப்பதால். வண்டலை ஆறு கொண்டுவந்தது. அதைக் கண்ணுக்கெட்டிய தூரம் வயலாக்கியது கல்லணையும் வாய்க்காலும் முறைவைத்து நீர் பாய்ச்சும் வழக்கமும், 1934-க்குப் பிறகு மேட்டூர் அணையும். ஆற்றுப்பாசனம் எட்டாத கொங்கு மேட்டில் கிணறும், மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலையும்தான் கதி. அதனால் அங்கே கிணற்றை ஒட்டித் தோட்டத்துக்குள்ளேயே சாளை (குடிசை வீடு) போட்டுக் குடியிருந்தார்கள். டெல்டாவில் வீடுகள் தெருத்தெருவாக ஒட்டி நின்றன. இயற்கை ஊடகம், பண்பாடு அதில் வேலை செய்யும் கை, நிலத்தோற்றம் விளைவு: அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் சாவர் 1925-ல் சொன்னதன் சாரம் இதுதான். ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, பறை, தொழில் என்று தொல்காப்பியம் அடுக்கும் கருப்பொருளை நினைத்துக்கொண்டால் சாவர் எளிதில் பிடிபடுவார். கொள்குறி வினாவில் அதற்கு மதிப்பெண் இல்லை என்பது என் மனக்குறை.

மற்றவை, அவசரமாக:

- கால வரிசைக்கு: கிறிஸ்டாலரின் மைய இடக் கோட்பாடு 1933, விட்டில்சியின் உலக வேளாண் மண்டலங்கள் 1936, ஹார்ட்ஷோர்னின் 'புவியியலின் இயல்பு' நூல் 1939.
- கிறிஸ்டாலரின் கே-மதிப்பு, அதாவது ஒரு பெரிய மையத்தின் பரப்பில் அடுத்த நிலை மையங்களின் பரப்பு எத்தனை அடங்கும் என்ற எண்: சந்தை அடிப்படையில் 3, போக்குவரத்துக்கு 4, நிர்வாகத்துக்கு 7. தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும்.
- மெய்னிக் 1965, அமெரிக்காவில் மார்மன் என்ற கிறித்தவப் பிரிவினரின் பண்பாட்டு மண்டலம். கோர் (கரு), டொமைன் (ஆதிக்கப் பரப்பு), ஸ்பியர் (செல்வாக்கு வட்டம்) என்று உள்ளிருந்து வெளியே. சால்ட் லேக் சிட்டி கோரில் வரும். நான் கோயம்புத்தூரை நடுவில் வைத்துக் கொங்குக்கு வரைந்து மனப்பாடம் செய்தேன். பாட்டி வீடு டொமைனின் விளிம்பில் விழுந்தது.
- ஜெலின்ஸ்கி 1980: தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த நிறுவனப் பெயர்களை எண்ணி வட அமெரிக்காவின் உணர்வு மண்டலங்களை வரைந்தவர். உங்கள் ஊர்க் கடைப் பலகைகளில் 'கொங்கு', 'செட்டிநாடு' எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போங்கள். இதைவிட நல்ல திருப்புதல் எனக்கு அமையவில்லை.
- குழுவாகப் படிக்காதீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் காரணம்.
- தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். அந்த 50 கேள்வியில் எப்படித் தேறினேன் என்று எனக்கே விளங்கவில்லை.