அரசும் அயலுறவும்: பத்தாம் வகுப்புக் குடிமையியல் நாட்குறிப்பு

7 அக்டோபர் 2025, செவ்வாய்

காலாண்டு விடுமுறை முடிந்தது. குடிமையியலில் இனி நடுவண் அரசு, மாநில அரசு, வெளியுறவுக் கொள்கை, சர்வதேச உறவுகள். புத்தக வரிசையில் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனால், பிள்ளைகள் முதல் இரண்டை 'அதிகாரங்கள்' என்றும் அடுத்த இரண்டை 'ஆண்டுகள்' என்றும் தனித்தனியாக உருப்போட்டுவிடுவார்கள். வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவதும் அரசின் அதிகாரங்களில் ஒன்றுதான் என்பது மனதில் பதியாது. அதனால் நான்கு பாடத்தையும் ஒரே கேள்வியில் கட்டி நடத்த வேண்டும்: இந்த முடிவை எடுக்க யாருக்கு அதிகாரம்?

முதல் பீரியடுக்குப் பன்னிரண்டு அட்டை போதும். பாஸ்போர்ட், காவல் நிலையம், சிறுவாணிக் குடிநீர், பள்ளிக்கூடம், மின்சாரம், பஞ்சு இறக்குமதி வரி, பனியன் ஏற்றுமதி, தூத்துக்குடி துறைமுகம், அரசு மருத்துவமனை, இலங்கையோடு ஒப்பந்தம், உழவர் சந்தை, ஐ.நா.வில் ஓட்டு. கரும்பலகையில் ஒன்றியம், மாநிலம், இரண்டுக்கும் பொது என்று மூன்று கட்டம். இருவர் இருவராக வந்து ஒட்டட்டும். ஒட்டும்போது காரணம் சொல்ல வேண்டும்.

தப்பு வருவது பெரும்பாலும் பாஸ்போர்ட்டில். விசாரணைக்கு உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவதால் மாநிலக் கட்டத்தில் ஒட்டுவார்கள். அது ஒன்றியப் பட்டியலில் (ஒன்றியம் மட்டும் சட்டம் இயற்றும் துறைகளின் பட்டியலில்) 19ஆம் இனம். மாநிலக் காவல்துறை விசாரித்து அறிக்கை மட்டும் கொடுக்கிறது. பள்ளிக்கூடத்தையும் மாநிலத்தில் ஒட்டுவார்கள். 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனதை அங்கேயே சொல்லிவிடலாம். மின்சாரமும் பொதுப்பட்டியல். சிறுவாணியில் அணை கேரளத்தில், குடிப்பது கோவை. அந்த அட்டையைக் கட்டத்துக்கு வெளியே தனியாக ஒட்டி வைத்தால் பின்னால் பயன்படும்.

கரும்பலகையின் ஓரத்தில் நான்கு எண்கள், அலகு முடியும்வரை அழிக்கக் கூடாது: 10 வெளியுறவு, 14 உடன்படிக்கைகள், 41 வெளிநாட்டு வணிகம், 83 சுங்கவரி. நான்கும் ஒன்றியப் பட்டியல்.

9 அக்டோபர், வியாழன்

'உடன்படிக்கையை நாடாளுமன்றம் ஓட்டெடுத்து நிறைவேற்றுகிறது.' விடைத்தாளில் அடிக்கடி வரும் தவறு இது. நம் நாட்டில் உடன்படிக்கை செய்வது நிர்வாகத்தின் அதிகாரம். அமைச்சரவை முடிவெடுக்கும், குடியரசுத் தலைவர் பெயரால் நடக்கும். உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால்தான் நாடாளுமன்றம் வருகிறது. அதற்கு அரசியலமைப்பின் உறுப்பு 253. நிலத்தை விட்டுக்கொடுப்பதானால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அமெரிக்காவில் உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வேறுபாடு உடனே தெரியும்.

திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வணிக ஒப்பந்தத்தை வைத்தே படிகளைச் சொல்லலாம். பேச்சுவார்த்தை, அமைச்சரவை ஒப்புதல், கையெழுத்து, ஏற்புறுதி (நாடு முறைப்படி உறுதிசெய்வது), அமலுக்கு வருதல், சுங்க அறிவிப்பு. பேச்சுவார்த்தையை நடத்துவது வணிக அமைச்சகம். வெளியுறவு அமைச்சகம் என்று எழுதுவதைத் தொடக்கத்திலேயே திருத்த வேண்டும்.

கையெழுத்துக்கும் அமலுக்கும் உள்ள இடைவெளியைத் தேதிகளே காட்டும். ஐக்கிய அரபு அமீரகம்: 2022 பிப்ரவரி 18 கையெழுத்து, மே 1 அமல். ஆஸ்திரேலியா: 2022 ஏப்ரல் 2, டிசம்பர் 29. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் அடங்கிய எஃப்டா வணிகக் கூட்டமைப்பு: 2024 மார்ச் 10, அமல் இந்த மாதம் 1ஆம் தேதிதான். பிரிட்டன்: 2025 ஜூலை 24 கையெழுத்து, 2025 அக்டோபர் தொடக்கம்வரை அமல் இல்லை. ஆகவே அதுவரை பிரிட்டனுக்குப் போன பனியனுக்குப் பழைய வரிதான்.

கணக்கு ஒன்று போட வேண்டும். அமெரிக்காவில் பருத்தி டி-சர்ட்டுக்கு வழக்கமான வரி 16.5 சதவீதம். ஆகஸ்ட் 7இல் 25, ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25 ஏறியது. அப்போது மொத்தம் 66.5. ஐந்து டாலர் சட்டைக்கு வரி ஏறக்குறைய 3 டாலர் 32 சென்ட். 'அப்ப நம்ம கம்பெனிக்காரங்க அமெரிக்காவுக்குக் கட்டோணுங்களா சார்?' என்று கட்டாயம் ஒரு கேள்வி வரும். கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர், அவருடைய நாட்டுச் சுங்கத்துறைக்கு. பிறகு அவர் இங்கே விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுவார். அடி இங்கே விழுவது அந்த வழியில். இதை விளக்காமல் விட்டால் வரி என்ற சொல்லே பிள்ளைகளுக்குத் தலைகீழாகப் புரியும்.

14 அக்டோபர், செவ்வாய்

'நாட்டின் நலன்' என்று பாடத்தில் ஒருமையில் வருகிறது. உள்ளே எத்தனை நலன்கள் மோதுகின்றன என்பதைக் காட்டப் பஞ்சு போதும். வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 முதல் 11 சதவீத வரி. இந்த ஆகஸ்ட் 19 முதல் அதை நீக்கினார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை, பின்பு டிசம்பர் 31 வரை.

நாற்பது பேர் என்றால் எட்டுப் பேராக ஐந்து குழு: ஸ்பின்னிங் மில், பனியன் ஏற்றுமதியாளர், பருத்தி விவசாயி, ஒன்றிய அரசு, மாநில அரசு. தயாரிக்கப் பத்து நிமிடம், பேசக் குழுவுக்கு இரண்டு நிமிடம், எதிர்வாதத்துக்குப் பத்து நிமிடம். மீதி நேரம் எழுத.

இது கூச்சலாக முடியும் வாய்ப்பு அதிகம். தடுக்க இரண்டு விதி. பேசுகிறவர் எந்த அலுவலகத்திடம் எதைக் கேட்கிறார் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும்: சுங்க அறிவிப்பு வெளியிடுவது நிதி அமைச்சகம், பரிந்துரைப்பது ஜவுளி அமைச்சகம், விவசாயி போய் நிற்பது வேளாண் அமைச்சகத்தின் வாசலில், முதலமைச்சரால் பிரதமருக்குக் கடிதம் எழுத முடியும். இரண்டாவது விதி, மில் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு விவசாயி வேடம், காட்டு வேலை வீட்டுப் பிள்ளைக்கு மில் வேடம். சொந்த வீட்டுக் கட்சியைப் பேசவிட்டால் புதிதாக ஒன்றும் கற்க மாட்டார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் பஞ்சுக்குப் பதில் பாமாயில் இறக்குமதி வரியை எடுத்துக்கொள்ளலாம். தென்னை விவசாயி, எண்ணெய் வாங்கும் குடும்பம், மலேசியா, இந்தோனேசியா என்று நான்கு குழு.

17 அக்டோபர், வெள்ளி

தீபாவளிக்கு முந்தைய வகுப்பு. கனமாக எதுவும் நிற்காது, காலவரிசை மட்டும். ஆறு தாள், ஒரு கயிறு, துணி கிளிப். 1954 பஞ்சசீலம், 1955 பாண்டுங், 1961 பெல்கிரேடு, 1962 சீனப் போர், 1965 பாகிஸ்தான் போர், 1971 சோவியத் உடன்படிக்கை. ஆண்டு எழுதாமல் கலைத்துக் கொடுத்து வரிசையில் மாட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றின் கீழும், முந்தைய நிகழ்வு இதை எப்படிப் பாதித்தது என்று ஒரு வரி.

ஒரு மார்க் பறிபோகும் இடம்: அணிசேரா இயக்கத்தின் முதல் மாநாடு பெல்கிரேடு. பாண்டுங் அதற்கு வழி வகுத்த ஆசிய–ஆப்பிரிக்க மாநாடு. இன்னொன்று, பஞ்சசீலத்தின் ஐந்து கோட்பாடுகள் இடம்பெற்றது திபெத் வணிகம் பற்றிய இந்திய–சீன ஒப்பந்தத்தின் முகவுரையில், 1954 ஏப்ரல் 29.

அணிசேராமை என்றால் நடுநிலையா என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே விடை. பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1964இல் ஒன்றிய உணவு அமைச்சரானார். அமெரிக்காவின் பி.எல். 480 உணவு உதவித் திட்டக் கோதுமையை நம்பியிருந்த காலம். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசுக்குப் பிடிக்கவில்லை. கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார்கள். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. சோற்றுக்குக் கையேந்தினால் கருத்துச் சொல்லும் உரிமையும் சுருங்கும் என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து தாமாகவே பிடித்துக்கொள்வார்கள். வேளாண்மைப் பாடமும் வெளியுறவுப் பாடமும் சந்திக்கும் இந்த இடத்துக்கு முழு பீரியடே கொடுக்கலாம், அவ்வளவு தகும்.

நேரம் இருந்தால் இன்னும் இருவர்: உலக வங்கிக்கு வித்திட்ட 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார், இந்தோனேசியாவில் இந்தியத் தூதராக இருந்த குமாரமங்கலம் ப. சுப்பராயன்.

24 அக்டோபர், வெள்ளி

ஐ.நா. நாள். சாசனத்தில் கையெழுத்து 1945 ஜூன் 26, அமல் அக்டோபர் 24. 9ஆம் தேதிப் பாடத்தை இங்கே மறுபடி தொட்டுக்கொள்ளலாம். விடுதலைக்கு முன்பே இந்தியா நிறுவன உறுப்பினர். சான் பிரான்சிஸ்கோவில் குழுவுக்குத் தலைமை ஆற்காடு இராமசாமி முதலியார்.

பாதுகாப்பு அவைக்குப் பதினைந்து நாற்காலி, நிரந்தர உறுப்பினர்களின் ஐந்தில் சிவப்புத் தாள். நான்கு ஓட்டெடுப்பு நடத்தினால் விதி முழுக்கப் புரிந்துவிடும். பத்து ஆதரவு, நான்கு விலகல், ஒரு நிரந்தர உறுப்பினர் எதிர்ப்பு: தோல்வி. ஒன்பது ஆதரவு, ஐந்து நிரந்தரமற்ற உறுப்பினர் எதிர்ப்பு, ஒரு நிரந்தர உறுப்பினர் விலகல்: வெற்றி. எட்டு ஆதரவு, ஏழு விலகல்: தோல்வி. பதினான்கு ஆதரவு, ஒரு நிரந்தரமற்ற உறுப்பினர் எதிர்ப்பு: வெற்றி. இரண்டாவதில்தான் வகுப்பு தடுமாறும், ஏனென்றால் ஓட்டுப் போடாமல் விலகுவதையும் வீட்டோ (நிரந்தர உறுப்பினரின் தடுப்பு ஓட்டு) என்று நினைப்பார்கள். முடிவைச் சொல்லும் முன் ஊகத்தை நோட்டில் எழுத வைக்க வேண்டும்.

28 அக்டோபர், செவ்வாய்

தனியே ஒட்டிவைத்த சிறுவாணி அட்டையை இன்று எடுக்க வேண்டும். ஆனால் ஒப்பிடப் பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் இன்னும் தோதானது. தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29இல் கையெழுத்திட்டன, நடைமுறை 1958 நவம்பர் 9 முதல் என்று பின்தேதியிட்டு. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட வேண்டும். எதிரே சிந்து நதி உடன்படிக்கை, 1960 செப்டம்பர் 19. சிந்து, ஜீலம், செனாப் பாகிஸ்தானுக்கு. ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. உலக வங்கியும் கையெழுத்திட்டது. இந்த ஏப்ரல் 23இல் அதை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது.

கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு தரப்பு தண்ணீர் தராவிட்டால் மற்றவர் எங்கே போவது? மாநிலங்களுக்குள் உறுப்பு 262, 1956ஆம் ஆண்டுச் சட்டம், நடுவர் மன்றம். காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007, உச்ச நீதிமன்றம் 2018. நாடுகளுக்கிடையே அப்படி மேலே ஒரு அரசு கிடையாது. உடன்படிக்கையே சொல்லும் நடுநிலை வல்லுநர், நடுவர் தீர்ப்பாயம், அதற்கு மேல் உறவும் அழுத்தமும். இந்த வேறுபாட்டை ஆற்றை வைத்துச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு நன்றாக ஏறும். வாய்க்கால் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

30 அக்டோபர், வியாழன்

கச்சத்தீவு. கேட்பார்களா என்று காத்திருக்க வேண்டாம், கேட்பார்கள். ஆசிரியர் தன் கட்சியைச் சொல்லிவிட்டால் வகுப்பு அங்கேயே முடிந்தது. ஒரு முழுத்தாளை நான்காக மடிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தி, ஒப்பந்தத்தில் உள்ளது: 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தம் எல்லையை வரைந்தது, அதன் 5ஆம் பிரிவு இந்திய மீனவரும் பக்தரும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது, 1976 கடிதப் பரிமாற்றம் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதை நிறுத்தியது. இரண்டாவது, ஒன்றிய அரசு நீதிமன்றத்தில் எடுத்த நிலை: எல்லை வரையறுக்கப்படாத இடத்துக்குத் தீர்வு கண்டோம், இந்திய நிலத்தைக் கொடுக்கவில்லை. மூன்றாவது, தமிழ்நாட்டின் நிலை: இராமநாதபுரம் ஜமீனுக்கு உரிய தீவு, அரசியலமைப்புத் திருத்தம் இல்லாமல் கொடுத்தது செல்லாது. நான்காவது பத்தி பிள்ளையின் கருத்து. பென்சிலில், கடைசியில்.

ஒப்பிடுவதற்கு வங்கதேச எல்லை ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே 2015இல் 100ஆவது திருத்தம் நிறைவேறி, மற்ற நாட்டுக்குள் சிக்கிய நிலத் திட்டுகளில் 111 இந்தியத் திட்டுகள் அவர்களுக்கும் 51 நமக்கும் வந்தன. அங்கே ஏன் திருத்தம், இங்கே ஏன் இல்லை என்பது பத்தாம் வகுப்புக்குத் தாங்கும் கேள்விதான். இந்த ஏப்ரல் 2இல் சட்டமன்றம் தீவை மீட்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அது ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்துமா? கரும்பலகை ஓரத்து 10ஐயும் 14ஐயும் பார்த்துப் பதில் சொல்லட்டும்.

மீனவர் கைதையும் தீவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். கைதில் எல்லைக்கோட்டோடு இழுவைமடியும் (கடலடியை வாரி இழுக்கும் வலை) சேர்ந்திருக்கிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்தது. அக்கரையில் பாதிக்கப்படும் மீனவரும் தமிழர்தாம். இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிதான்.

6 நவம்பர், வியாழன்

அரையாண்டுக்கு முன் வரைபடம். இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு வரைபடங்களில் ஜம்மு–காஷ்மீர் எல்லை மாறியிருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தையே அச்செடுக்க வேண்டும். அதற்கு மாறான இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சார்க் (தெற்காசிய நாடுகளின் அமைப்பு), பிம்ஸ்டெக் (வங்கக்கடல் பகுதி நாடுகளின் அமைப்பு) குழப்பத்துக்குக் காரணம் டாக்கா. சார்க் 1985இல் டாக்காவில் பிறந்தது, தலைமையகம் காட்மாண்டு. பிம்ஸ்டெக் 1997இல் பாங்காக்கில் பிறந்தது, செயலகம் டாக்கா. மூன்று வண்ணம் போதும். இரண்டிலும் உள்ள இந்தியா, வங்கதேசம், பூடான், நேபாளம், இலங்கைக்குப் பச்சை. சார்க்கில் மட்டும் உள்ள பாகிஸ்தான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தானுக்கு மஞ்சள். பிம்ஸ்டெக்கில் மட்டும் உள்ள மியான்மர், தாய்லாந்துக்கு நீலம். பச்சையை முதலில் தீட்ட வைத்தால் எண்ணிக்கை தவறாது: எட்டு, ஏழு. மாலத்தீவு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, அதற்கு வட்டம் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும்.