ஓதமும் 78 சீட்டுகளும்

குறி பார்க்க நான் வைத்திருந்த பழைய டாரட் சீட்டுக்கட்டில் ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸ் என்ற சீட்டு எது என்று முதுகுப் பக்கத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பார்க்கக்கூட வேண்டாம், தொட்டாலே போதும். அதன் ஒரு முனையில் அரிசி அளவுக்கு ஒரு மடிப்பு. கீழே விழுந்த சீட்டை எடுக்கிற அவசரத்தில் முழங்காலை அதன் மேலேயே ஊன்றிவிட்டேன். பெரிய சேதம் ஒன்றும் இல்லை என்று இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். பணம், வீட்டுக் கடன், பாகப்பிரிவினை என்று கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சீட்டு அடிக்கடி வந்தது. காசை நெஞ்சோடு கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் மனிதன் படம் அது. கேள்விக்குப் பொருத்தமான சீட்டுதான். ஆனால் அது தானாக வந்ததா, கலைக்கும்போது மடிப்பு விரலில் பட்டதும் என் கை அங்கே நின்றுவிட்டதா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகம் வந்த பிறகு ஒரு வாரம் யாருக்கும் சீட்டு எடுக்கவில்லை.

டாரட் கார்டுகளைப் பத்திரமாக வைப்பதைப் பலர் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக நினைக்கிறார்கள். எனக்கு அது நேர்மை சம்பந்தப்பட்டது. 78 சீட்டும் கண்ணுக்கும் கைக்கும் முதுகுப் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று தனியாகத் தெரிந்தால்கூட, எதிரில் நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு நான் சரியாக நடந்துகொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

காகிதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க அப்பாவிடமிருந்து வந்தது. திருவல்லிக்கேணியில் 30 வருஷத்துக்கு மேல் பைண்டிங் கடை வைத்திருந்தார். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை வாசனையில்தான் நான் வளர்ந்தேன். 2011-ல் முதல் டாரட் கட்டு வாங்கி வந்து காட்டியபோது அதில் என்ன படம் இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. ஒரு சீட்டை எடுத்து நீளவாக்கில் லேசாக வளைத்தார். அப்புறம் அகலவாக்கில் வளைத்தார். "கிரெயின் நீளவாக்கில ஓடுதும்மா. நம்ம ஊர் ஈரத்துக்கு இது குழாய் மாதிரி சுருளும், பாத்துக்கோ" என்றார்.

அந்த நவம்பரிலேயே சுருண்டது. காரணம் எளிது. அப்பா சொன்ன கிரெயின், காகிதத்தின் இழை ஓடுகிற திசை. காகிதத்தின் இழை ஈரத்தைக் குடித்தால் நீளத்தில் அவ்வளவாக நீளாது, பக்கவாட்டில்தான் ஊதும். அதனால் இழை ஓடுகிற திசைக்குக் குறுக்கே சீட்டு விரியும். படப் பக்கமும் முதுகுப் பக்கமும் ஒரே அளவு பூச்சோடு இருந்தால் இரண்டும் சேர்ந்து விரிந்து சமாளித்துவிடும். என் கட்டில் படப் பக்கம் வார்னிஷ் கனமாகவும் முதுகில் மெலிசாகவும் இருந்தது. முதுகு அதிகமாக விரிந்ததில் சீட்டு படப் பக்கமாகக் குழிந்துகொண்டது. அதே கட்டை இரண்டு நாள் ஏசி அறையில் வைத்தேன், அங்கே ஈரம் வடிந்து மறுபக்கம் வளைந்தது.

வளைந்த சீட்டை எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தலாம் என்றுதான் கை போகும். செய்யாதீர்கள். வார்னிஷில் மயிரிழை மாதிரி விரிசல் விழும், அப்புறம் அழுக்கு அந்த வழியாக உள்ளே போகும். கட்டைவிடச் சற்றுப் பெரிய இரண்டு ப்ளைவுட் துண்டுகளுக்கு நடுவே கட்டை நேராக அடுக்கி, மேலே எடை வைத்து மூன்று நாள் விட்டுவிடுங்கள். நான் வைக்கும் எடை, பாட்டி வீட்டிலிருந்து வந்த கரி போடுகிற பித்தளை இஸ்திரிப் பெட்டி. சூடு எதுவும் கூடாது, கனம் மட்டும்தான். மழையில்லாத நாளாகப் பார்த்து வையுங்கள், ஈரக் காற்றில் எத்தனை எடை வைத்தாலும் எடுத்த மறுநாளே பழையபடி ஆகிவிடும்.

அந்தக் கட்டை நான் முழுசாகக் கெடுத்தது 2017 மழைக்காலத்தில். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் செய்தேன். பட்டுத் துணியில் சுற்றி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். பீரோ சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சுவரில் ஓதம் ஏறியிருந்தது எனக்குத் தெரியும், இரும்பு பீரோதானே என்று இருந்துவிட்டேன். தை மாதம் கவரைத் திறந்தபோது மூடிவைத்த பழைய வீட்டு வாசனை அடித்தது. அடியில் இருந்த மூன்று சீட்டுகளின் முதுகில் சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாகப் பூசணம்.

காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும். மழைக்காலச் சென்னை அதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டும். நான் கவரை மூடியதே ஒரு மழை நாளில்தான். வெளியே போக வழியில்லாமல் அன்றைய ஈரம் சீட்டுகளோடு உள்ளேயே கிடந்திருக்கிறது.

முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு, பால்கனி நிழலில் சீட்டுகளைப் பரப்பி நன்றாக உலரவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தட்டிவிட்டேன். ஈரத் துணியால் துடைத்திருந்தால் கறை தேய்ந்து பரவியிருக்கும். பூசணம் போனது, தடம் போகவில்லை. ஃபோர் ஆஃப் பென்டகிள்ஸோடு சேர்த்து இப்போது அடையாளம் தெரிகிற சீட்டுகள் நான்கு.

சரி, அதே கட்டு இன்னொன்று வாங்கி அந்த நான்கை மட்டும் மாற்றலாம் என்று பார்த்தேன். 1909-ல் லண்டனில் வெளிவந்த ரைடர் கட்டின் வடிவம் அது, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படங்கள், எளிதாகவே கிடைத்தது. ஆனால் புதியதன் முதுகில் நீலம் ஒரு சாயல் கூடுதல், அட்டையும் கொஞ்சம் தடிமன். நான்கும் முன்பைவிட நன்றாகவே தனித்துத் தெரிந்தன. அச்சகத்துக்குப் போய்வந்த யாருக்கும் இது புரியும், ஒரே வேலையை இரண்டு தடவை ஓட்டினால் மை அப்படியே ஒத்துப்போகாது.

அந்தச் சமயத்தில்தான் விஸ்கோன்ட்டி ஸ்ஃபோர்ஸா கட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 15-ஆம் நூற்றாண்டு நடுவில் மிலான் பிரபுக்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டிக் கையால் வரைந்த சீட்டுகள். 74 இன்றும் இருக்கின்றன. 35 நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில், மற்றவை இத்தாலியில் பெர்காமோவில் கர்ராரா கலைக்கூடத்திலும் கொல்லியோனி குடும்பத்திடமும். டெவில், டவர், த்ரீ ஆஃப் சோர்ட்ஸ், நைட் ஆஃப் காயின்ஸ் நான்கும் இல்லை. இருப்பவற்றிலும் ஸ்டார், மூன், சன் உள்ளிட்ட ஆறு சீட்டுகள் வேறொரு ஓவியர் கைவேலை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் சீட்டின் மேல்பக்கம் ஆணி அடித்த மாதிரி ஓட்டை தெரியும். அவ்வளவு அழகான சீட்டை யாரோ எங்கேயோ குத்தி மாட்டியிருக்கிறார்கள். அந்த ஓட்டையைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே வலித்தது.

பழைய கட்டை நான் தூக்கிப்போடவில்லை. படம் பார்க்கவும், கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் காட்டவும் வைத்திருக்கிறேன். புதியதுதான் வேலைக்கு. இப்போது அது பீரோவில் இல்லை, உள்சுவர் அலமாரியில் நடுத்தட்டில், மூடி தனியாகக் கழன்று வரும் மரப்பெட்டியில் இருக்கிறது. கூடவே வந்த அட்டைப் பெட்டியை நான் பயன்படுத்துவதில்லை. மேலிருந்து செருகும் ஒவ்வொரு தடவையும் வாய் ஓரத்தில் முனைகள் உரசும். தினமும் எடுத்து வைத்தால் வருஷத்துக்குள் முனை பஞ்சாகிவிடும்.

அலமாரியில் 300 ரூபாய்க்கு வாங்கிய சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று இருக்கிறது, காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும். 60-க்கு மேல் ஏறினால் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுவேன், 50-க்கு வந்ததும் எடுத்துவிடுவேன். பத்து பொட்டலத்தைப் போட்டு நிரந்தரமாக மூடிவைத்தால் அட்டை காய்ந்து முறுகிப்போகும், அதுவும் கெடுதல்தான். நிறம் மாறிய ஜெல்லைச் சிலர் தோசைக்கல்லில் வறுத்து மறுபடி போடுகிறார்கள். நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறும் ஜெல்லில் இருப்பது கோபால்ட் உப்பு, சமையல் பாத்திரத்தில் அதை வைக்கவே கூடாது. புதிது வாங்குங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுகிற பழக்கமும் வேண்டாம். அந்த வாசனை அட்டையில் ஏறினால் மாதக்கணக்கில் போகாது. அலமாரி மூலையில் துணியில் கட்டிய வசம்பு வைத்திருக்கிறேன். ஓலைச்சுவடிக்கு நம்மவர்கள் வைத்ததுதான்.

சடங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்புகளில் சீட்டைச் சுத்திகரிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். உப்பில் புதைப்பது, பௌர்ணமி இரவில் மொட்டை மாடியில் வைப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது. இவற்றில் எனக்கு நம்பிக்கை உண்டு, இன்றும் செய்கிறேன். ஆனால் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதன் பரல்கள் வார்னிஷைக் கீறும். மொட்டை மாடியில் விடியும்போது பனி இறங்கியிருக்கும், கொஞ்சம் தாமதமாக எழுந்தால் வெயிலும் அடித்துவிடும். புகையில் இருக்கும் பிசின் சீட்டின் மேல் மெல்லிய பசையாகப் படியும், அதில் தூசி ஒட்டும். அதனால் நான் உப்பைக் கிண்ணத்தில் எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். பௌர்ணமிக்கு ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம். சாம்பிராணியை மூடிய பெட்டியைச் சுற்றிக் காட்டுகிறேன். என் மனசு இதிலேயே நிறைந்துவிடுகிறது.

பட்டில் சுற்றுவது நல்ல வழக்கம்தான், ஜரிகை மட்டும் ஆகாது. என் முதல் துணி பழைய பட்டுப்புடவை முந்தானை. அதன் ஜரிகை உரசியே ஓரங்கள் வெளுத்தன. இப்போது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டித் துண்டு. சீட்டு பரப்புவதும் அதன் மேல்தான். ஜமக்காளத்தின் நெசவு இதற்கு மிகவும் முரடு. ரப்பர் பேண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மே மாதம் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கலைப்பதில் ஒரு வார்த்தை. சீட்டின் அளவு 70க்கு 120 மில்லிமீட்டர், ரம்மி சீட்டைவிட நல்ல பெரிது. இரண்டாகப் பிரித்து வளைத்து சரசரவென்று கோக்கிற முறை இதற்கு ஒத்துவராது, நடுவில் நிரந்தரமாக ஒரு வளைவு விழும். ஒரு கையில் பிடித்து மறு கையில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கிற முறையே போதும். அதற்கு முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், வருகிறவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து ஃபிளாட் அக்கா கோயிலுக்குப் போய்விட்டு விபூதிக் கையோடு நேராக வந்து உட்கார்ந்தார்கள். "அக்கா, கை மட்டும் கழுவிட்டு வந்துடுங்களேன்" என்று சொல்ல எனக்கு முதலில் தயக்கமாக இருந்தது. அவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை, இப்போது அவர்களே நேராக வாஷ்பேசினுக்குப் போகிறார்கள்.

பிளாஸ்டிக் உறை போடலாமா என்று கேட்பார்கள். பத்திரப்படுத்தும் கட்டுக்குப் போடலாம், பிவிசி வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள். வேலை செய்கிற கட்டுக்குப் போட்டால் தடிமன் கூடிக் கைக்குள் அடங்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் ஒரு சோதனை வைக்கிறேன். எட்டாவது படிக்கும் மகள் பக்கத்தில் உட்காருவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு 78 சீட்டையும் ஒவ்வொன்றாகத் தடவுவேன். வித்தியாசமாகப் பட்டதை அவளிடம் நீட்டுவேன். போன ஆடியில் ஒன்று அகப்பட்டது. நைட் ஆஃப் கப்ஸ். முனையில் அட்டையின் அடுக்கு இரண்டாகப் பிளந்து, நகத்தில் தட்டியது.

அப்பாவிடம் எடுத்துப் போனேன். கடையை மூடி ஆறு வருஷம் ஆகிறது, கருவிகளை இன்னும் டப்பாவில் வைத்திருக்கிறார். கொஞ்சம் மைதாவை நீர்க்கக் காய்ச்சி ஆறவிட்டார். ஊசி முனையில் ஒரு துளி தொட்டு, கட்டைவிரல் நகத்தால் பிளவைத் திறந்து உள்ளே விட்டார். பசை வெளியே கசியவே இல்லை. இரண்டு விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து ப்ளைவுட்டுக்கு நடுவே தள்ளி, இஸ்திரிப் பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். "நாளைக்கு வரை தொடாத" என்றார். மறுநாள் எடுத்து, முனையை நைஸான உப்புத்தாளால் இரண்டே இழுப்பு இழுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் மகள் அதைக் கட்டுக்குள் சொருகிக் கலைத்துக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போனேன். "எதும்மா?" என்றாள். தெரியவில்லை என்றேன். திரும்பவும் ஒருமுறை போனேன். அப்போதும் தெரியவில்லை.