தீர்த்தம் எடுக்கும் திங்கள்

சரக்குக் கப்பலின் இயந்திரப் பகுதியில் வேலை செய்யும் எனக்கு, ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் கிடைக்கும் சில நாட்களே ஊரில் வாழும் நாட்கள். அவை எந்த மாதத்தில் வரும் என்பது என் கையில் இல்லை. இம்முறை அவை வைகாசியில் வாய்த்தன. முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை, அதாவது கடலில் தீர்த்தம் எடுக்கும் நாள், நான் கிளிநொச்சியில் நிற்கும் நாட்களுக்குள் விழுந்தது. பொங்கலுக்கு நிற்க முடியாது என்று தெரிந்தும், அம்மாள் கொடுத்த அளவு இதுவென்று மனம் நிறைந்தே வந்தேன்.

ஏ9 வீதியால் வரும் எல்லோரையும் போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டு ஊர் சேர்ந்தேன். கிளிநொச்சியைவிடப் பெரிய பட்டினங்கள் பலவற்றில் கால் வைத்திருக்கிறேன். ஆனாலும் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்று வீதியைப் பார்க்கும்போது வரும் உரிமை வேறெங்கும் வந்ததில்லை. இரணைமடுத் தண்ணீரில் சிறுபோக வயல்கள் பச்சை பிடித்திருந்தன. போர் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பிவந்து தகரக் கொட்டில் போட்ட நாட்களில், குண்டில் சரிந்த தண்ணீர்த் தாங்கி இந்நகரத்தின் நடுவில்தான் கிடந்தது. அதைக் கண்டவர்களுக்கு இன்றைய பச்சையின் அருமை தெரியும்.

மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து, நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வடிவில் தோன்றினாள் என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். சிறுவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்று தவித்தார்கள். கடல்நீரை அள்ளி வார்த்து ஏற்றுங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. அதன் வழியாகவே இன்றும் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலிருந்து புறப்பட்டு, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்துவந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். அந்தத் தீர்த்தமும் விளக்கும் காட்டா விநாயகரிடத்தில் இருந்து, அங்கே ஞாயிறன்று பொங்கல் நடந்த பின்னரே வற்றாப்பளைக்குப் போகும். அம்மனுடைய பொங்கல் திங்கட்கிழமை.

அக்கா, அத்தானுடன் பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு வீதியில் போனோம். விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஊர்கள் கடந்தன. முள்ளிவாய்க்காலில் அத்தான் வாகனத்தை நிறுத்தினார். போரின் கடைசி நாட்களில், 2009 மே மாதத்தில் அந்த மணலில் விட்டுவந்தவர்களை நினைத்து நின்றோம். யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது, நந்திக்கடலைப் பார்த்து அக்கா “அம்மாளே” என்று கைகூப்பினார்.

தீர்த்தக்கரைக்குப் போகும் வழியில் வீடுகளின் படலையடியில் நிறைகுடம் வைத்து, வாசலில் தண்ணீர் தெளித்துச் சனம் காத்து நின்றது. பறை முழங்க, தீர்த்தக்குடம் வந்தது. கரையில் நெருக்கம் அதிகம். ஆனாலும் குடத்துடன் இறங்கியவரை நான் நன்றாகக் கண்டேன். வெள்ளை உடுத்து, இடுப்பளவு நீரில் கிழக்கே பார்த்து நின்றார். ஓர் அலை அவர் நெஞ்சில் அடித்துக் குடத்தை நிறைத்துச் சென்றதும், கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் “அரோகரா” என்றார்கள்.

கடல்நீரோடு ஆண்டு முழுவதும் பழகுபவன் நான். இயந்திரத்தின் சூட்டைத் தணிப்பது அந்த நீர். குழாய்களைத் தின்று ஓட்டையாக்குவதும் அதுதான். கப்பலில் தீப்பிடித்தால் பம்பியால் இறைத்து அணைப்பதும் அதே நீர்தான். அதற்கான பயிற்சியை நாங்கள் தவறாமல் செய்வோம். இரவு நன்றாக ஏறிய பின்னர் காட்டா விநாயகர் கோயிலில், சனத்தின் தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்தபோது, அந்த நீர் வார்த்த சட்டியில் துணித்திரி எரிந்துகொண்டிருந்தது. சுடர் முதலில் சற்றே படபடத்து, நீலம் காட்டி, பின்னர் மஞ்சளாகி நிமிர்ந்தது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மாள் இருக்கிறாள் என்பதை அந்தச் சுடருக்கு முன்னால் நின்று முழுமனதோடு நம்பினேன்.

அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, “பொங்கலுக்கும் நிப்பியோ தம்பி?” என்று கேட்டார். நிற்க முடியாது, அதற்கு முன்னமே கப்பல் ஏறவேண்டும் என்றேன். “விளக்கைக் கண்டிட்டியெல்லோ, அது காணும். போட்டு வா” என்றார்.

மறுநாள் காலையில் வற்றாப்பளைக்குப் போனோம். பந்தல் வேலைகள் நடந்துகொண்டிருந்தன. வீதியில் கூட்டம் இல்லாததால் அம்மன் சந்நிதியில் நெடுநேரம் நிற்க முடிந்தது. பொங்கலன்று காவடிகளுக்கும் பாற்செம்புகளுக்கும் இடையில் இப்படி ஆறுதலாக நின்று கும்பிட வாய்க்காது. நான் முதன்முதல் கப்பல் ஏறியபோது அம்மா வைத்த நேர்த்தி ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்கான பச்சையரிசியையும் சர்க்கரையையும் புதுப்பானையையும் முள்ளியவளைக் கடையில் வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். பொங்கல் இரவில் என் பெயரில் அந்தப் பானையை அவர் வைப்பார்.

தீர்த்தம் எடுத்த நாள் தொடக்கம் பொங்கல் முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. கப்பலிலும் அதைக் காப்பதற்காக, ஏறியவுடன் சமையற்காரரிடம் சொல்லி, பொங்கல் திங்கள்வரை எனக்கு மரக்கறி மட்டும் வைக்கச் சொல்ல வேண்டும்.