நெத்திலி தின்ன கடல் சிங்கத்துக்கு ஏன் வலிப்பு வருது?

அந்த வீடியோ நீங்களும் பாத்திருப்பீங்க, கலிஃபோர்னியா பீச்ல ஒரு கடல் சிங்கம் மணல்ல உக்காந்துட்டு கழுத்த வளச்சு தலைய அந்தப்பக்கம் இந்தப்பக்கம் ஆட்டிட்டே இருக்கும், கீழ கமெண்ட்ல பூரா "செம்ம வைப்ல இருக்கு", "யோகா பண்ணுது"ன்னு ஒரே சிரிப்பு. யோகாவும் இல்ல ஒண்ணும் இல்ல, அதுக்கு மூளைல விஷம் ஏறிருக்கு.

விஷத்தோட பேரு டோமோயிக் ஆசிட். சூடோ நிட்ஸ்கியான்னு ஊசி மாதிரி ஒல்லியா ஒரு பாசி இருக்கு, கண்ணுக்கே தெரியாது, வசந்த காலத்துல அடிக்கடல் குளிர்தண்ணி சத்தோட மேல வர்றப்ப கன்னாபின்னான்னு பெருகும். நெத்திலியும் மத்தியும் தண்ணிய வடிகட்டி சாப்பிடற மீனுங்க, இந்தப் பாசிய வயிறு முட்ட தின்னுட்டு ஜாலியா சுத்தும், அதுங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த மீன கிலோ கணக்குல முழுங்கற கடல் சிங்கம், டால்ஃபின் கதி அவ்ளோதான்.

மூளைல ஒரு நியூரான் இன்னொண்ண எழுப்பறதுக்கு குளூட்டமேட்னு ஒரு கெமிக்கல் இருக்குல்ல, டோமோயிக் ஆசிட் பாக்க கிட்டத்தட்ட அதே மாதிரி, அதனால குளூட்டமேட் வந்து ஒட்டற இடமான ரிசெப்டர்லயே போய் உக்காந்துக்கும், ஒரிஜினல விட பலமா, உள்ள கால்சியம் கொட்டோ கொட்டுன்னு கொட்டி கடைசில செல்லே செத்துரும். அதிகமா அடிவாங்கறது ஹிப்போகேம்பஸ், அதாவது ஞாபகத்துக்கும் வழி தெரியறதுக்கும் உள்ள இடம்.

மனுஷனுக்கும் இதே கதைதான். 1987ல கனடாவுல பிரின்ஸ் எட்வர்ட் தீவு சிப்பி சாப்பிட்டு 100 பேருக்கு மேல படுத்தாங்க, சிலர் செத்தாங்க, பொழச்சதுல சிலருக்கு புதுசா எதுவுமே ஞாபகத்துல நிக்கல. அதுக்கப்புறம் சிப்பிய டெஸ்ட் பண்ணி 20 பிபிஎம் (கிலோவுக்கு 20 மில்லிகிராம்) தாண்டினா அறுவடையே நிறுத்திருவாங்க, 2015ல கலிஃபோர்னியாவுல நண்டு சீசனையே தள்ளி வச்சாங்க. நம்ம தட்டுக்கு காவல் இருக்கு, கடல் சிங்கத்துக்கு யாரு டெஸ்ட் பண்ணி குடுப்பா?

1998ல கலிஃபோர்னியாவுல மான்ட்ரே பே பக்கம் 400க்கு மேல கடல் சிங்கம் செத்தப்பதான் இதுதான் காரணம்னு ஆதாரத்தோட பிடிச்சாங்க. 2023 ஜூன்ல தெற்கு கலிஃபோர்னியாவுல கடல் சிங்கமும் டால்ஃபினும் நூத்துக்கணக்குல ஒதுங்குச்சு, ரெஸ்க்யூ ஆளுங்களால ஃபோன் எடுத்து மாளல. அந்த சமயம் சான்டா பார்பரா பக்கம் நான் பாத்தது ஒரு பெரிய பொண் கடல் சிங்கம், வாயோரம் நுரை, துடுப்பு விறைச்சு வெட்டி வெட்டி இழுக்குது, கொஞ்சம் அடங்குது, மறுபடி இழுக்குது. ஒருத்தர் பாவம்னு பக்கெட்ல தண்ணி ஊத்தப் போனாரு, வாலன்டியர் பொண்ணு ஓடி வந்து தடுத்துச்சு. ஊத்தவே கூடாதாம், வலிப்புல இருக்கறத சீண்டின மாதிரி ஆயிரும், அது கரைக்கு வந்ததே ஓய்வெடுக்கத்தான்.

மாட்டறதுல நிறைய கர்ப்பிணிங்கதான். பாசி பெருகற சீசனும் இதுங்க தெற்கு கலிஃபோர்னியா கரைய ஒட்டி இருக்கற சேனல் தீவுகள்ல குட்டி போடறதுக்கு முந்தின மாசங்களும் ஒண்ணா வந்துருது. அம்மா ஒடம்புல இருந்து விஷம் சிறுநீர்ல சீக்கிரம் வெளிய போயிரும், வயித்துல இருக்கற குட்டிக்கு போக வழியில்ல, பனிக்குடத் தண்ணிலயே நிக்கும், அதையே குட்டி திரும்பத் திரும்ப முழுங்கும். குறைப்பிரசவம், செத்துப் பொறக்கறது எல்லாம் இதனாலதான். கடல் நீர்நாய்க்கு வேற மாதிரி, இதயத்தசை கெட்டுப்போகுது.

எனக்கு ரொம்ப உறுத்தறது இதுக்கு அப்புறம் வர்ற பகுதி. ட்ரிப் போட்டு, வலிப்பு மருந்து குடுத்து, விஷம் இல்லாத மீன் போட்டா சில நாள்ல பாதி கடல் சிங்கம் தேறிரும், ரத்தத்துல விஷமும் இருக்காது, பாக்க கொழுகொழுன்னு இருக்கும், "அதான் சரியாயிடுச்சே, கடல்ல விடுங்க"ன்னு ஜனங்க கத்துவாங்க. ஆனா ஹிப்போகேம்பஸ் சுருங்கிருக்கும். 2015ல வந்த ஒரு ஆராய்ச்சில 30 கடல் சிங்கத்துக்கு எம்ஆர்ஐ எடுத்து, ஒரு தடவ இடது போனா அடுத்த தடவ வலது போனாத்தான் மீன்னு விளையாட்டு வச்சாங்க, நடுவுல சில செகண்ட் காக்க வச்சாலே மூளை பழுதானதுங்க தடுமாறுச்சு. இது எப்டி நடுக்கடல்ல மீன் இருக்கற இடத்துக்கு மறுபடி போகும்? கொஞ்சம் கொஞ்சமா வலிப்பு நோயாவே நின்னுரும் வேற.

க்ரோனட்னு ஒரு கடல் சிங்கம், 2017ல முதல்ல கரை ஒதுங்கினான், விட விட திரும்பி வந்தான், கடைசில வலிப்பு முத்திப்போயி 2020 அக்டோபர்ல பன்னிக் கருவோட நரம்பு செல்ல எடுத்து அவன் மூளைல வச்சு ஆபரேஷன் பண்ணாங்க, வலிப்பு நின்னுச்சு, சாப்பிட ஆரம்பிச்சான். பிரமாதம்தான், ஆனா சீசனுக்கு நூத்துக்கணக்குல வர்றதுக்கு எத்தன ஆபரேஷன் தியேட்டர் கட்டுவாங்க.

அந்தப் பக்கம் இருக்கவங்க பாத்தீங்கன்னா 50 கஜம் தள்ளியே நில்லுங்க, நாயக் கட்டிப் பிடிங்க, லோக்கல் ரெஸ்க்யூ நம்பருக்கு அடிச்சு எந்த இடம்னு சரியா சொல்லுங்க. செல்ஃபிக்கு கிட்ட போகாதீங்க, கடிக்கும், 2025ல சர்ஃபிங் பண்ணிட்டிருந்தவரயே கடிச்சிருக்கு.